உயர் கைப்பிடித் தண்டு (மோட்டார் சைக்கிள்)

உயர் கைப்பிடித் தண்டு என்பது மோட்டார் சைக்கிளில் தயாரிப்பாளர் பொருத்திய கைப்பிடித் தண்டுக்கு (ஹேண்டில் பார்) மாற்றாகப் பொருத்தப்படும், அதைவிட உயரமான தண்டு ஆகும். ஓட்டுநர் குனியாமல் நிமிர்ந்து அமர்வதற்காகவும், வண்டியின் தோற்றத்தை மாற்றுவதற்காகவும் இது பயன்படுத்தப்படுகிறது. கைகள் தோள் உயரத்தை எட்டுமளவு உயர்ந்த வகை ஐக்கிய அமெரிக்காவில் ஏப் ஹேங்கர் என அழைக்கப்படுகிறது. 1969 இல் வெளிவந்த ஈசி ரைடர் என்னும் திரைப்படம் உயர் கைப்பிடி கொண்ட சாப்பர் வகை வண்டிகளைப் பரவலாக அறியச் செய்தது.

கேபிளின் செயற்பாடு

ஆக்சிலரேட்டர், கிளட்ச், டிரம் பிரேக் ஆகியவை பல வண்டிகளில் போடன் கேபிளால் இயக்கப்படுகின்றன. இதற்கு எர்னஸ்ட் மோனிங்டன் போடன் 1896 இல் காப்புரிமை பெற்றார். வளையக்கூடிய ஓர் உறைக்குள் முறுக்கிய எஃகுக் கம்பி நகர்வதே இதன் அமைப்பு. உறையின் இரு முனைகளும் அவற்றுக்குரிய தாங்கிகளில் அழுந்தி நிற்கும்போது மட்டுமே கம்பி சரியாக இயங்கும். இரு தாங்கிகளுக்கும் இடையேயுள்ள தொலைவு உறையின் நீளத்தை விஞ்சினால், உறை தாங்கியிலிருந்து விலகி, உட்கம்பி தானாகவே இழுபடும்.

பழைய கேபிள்களுடன் பொருத்துதல்

சில சென்டிமீட்டர் உயர்வுக்குப் பழைய கேபிள்களே போதுமானவையாக இருக்கலாம். அவற்றைக் கட்டியுள்ள பட்டைகளைக் கழற்றி, பெட்ரோல் தொட்டிக்குக் கீழும் முன் கவைக்கு அருகிலும் குறுகிய வழியில் செலுத்துவதால் கூடுதல் நீளம் கிடைக்கும். எனினும் கூர்மையான வளைவு உராய்வை மிகுவித்து, ஆக்சிலரேட்டர் தானாக மூடிக்கொள்வதைத் தடுக்கும். வெப்பமான புகைபோக்கியையும், கைப்பிடி திரும்பும்போது நசுக்கும் இடங்களையும் தவிர்க்க வேண்டும். சரிசெய் திருகு கம்பியின் தளர்வை மட்டுமே மாற்றும். குறைந்த உறை நீளத்தை அது ஈடுசெய்யாது. கம்பியை வெட்டி ஒட்டுதல் பாதுகாப்பற்றது.

டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாயையும் மின்கம்பிகளையும் தனியே கவனிக்க வேண்டும். முன் சக்கரம் தரையிலிருந்து எழும்போது முன் கவை நீள்வதால், பிரேக் குழாயின் நீளம் அந்நிலையிலேயே சோதிக்கப்படுகிறது. நீளம் போதாதவிடத்து நீண்ட கேபிளும் குழாயும் பொருத்தப்படுகின்றன. குழாயை மாற்றியபின் பிரேக் அமைப்பிலுள்ள காற்றை வெளியேற்றுவது கட்டாயமாகும்.

சோதனையும் இடர்களும்

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது கைப்பிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புவர். எஞ்சின் வேகம் மாறக்கூடாது. மாறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்பது பொருள். இக்குறையுடன் ஓட்டினால், மெதுவாகத் திரும்பும் வேளையில் வண்டி எதிர்பாராமல் முன்னே பாயக்கூடும். கிளட்ச் கேபிள் இறுகினால் கிளட்ச் முழுமையாகப் பற்றாமல் வழுக்கி, அதன் தட்டுகள் விரைவில் தேயும். ஆகவே கைப்பிடியின் எல்லா நிலைகளிலும் இரு கேபிள்களிலும் சிறிது தளர்வு இருத்தல் வேண்டும். அதன் அளவு வண்டியின் பராமரிப்புக் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

சட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்கள் கைப்பிடியின் உயரத்துக்கு வரம்பு விதித்துள்ளன. கலிபோர்னியாவில், அமர்ந்த நிலையில் ஓட்டுநரின் கைகள் தோள் உயரத்துக்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது.