மண்டகப்பட்டும் ‘கல்’ என்னும் சொல்லும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி வட்டாரத்தை அடுத்துள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில், பாறையைக் குடைந்து ஆக்கிய பல்லவர் கோயில் ஒன்று உளது. அதனை ஆக்குவித்தவன் முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழக் கி.பி. 590-630). அங்கே கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் உரிய இக்கோயில் செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்கும் இன்றி விசித்திரசித்தன் என்னும் வேந்தனால் ஆக்குவிக்கப்பட்டது என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று.

இக்கல்வெட்டு வரலாற்று நூல்களிற் பன்முறை எடுத்தாளப்பட்டதே. ஆயினும் அதன்கண் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. எவையெவை இன்றிக் கோயில் ஆயிற்று என எண்ணிய புலவர், அஃது எதனால் ஆயிற்று என்பதைக் கூறவில்லை. நான்கு பொருள்களைப் பெயர் சொல்லி விலக்கியவர், ஐந்தாவதாகிய கல்லைப் பெயர் சொல்லாமலே விட்டார். இதற்குக் காரணம் உண்டா? உண்டெனின் யாது? இவ்வினாவிற்கு விடை காணக் கல் என்னும் சொல்லின் பொருள்வரலாறு துணைசெய்யும் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் உலக வழக்கும்

கல் என்பது திராவிட மொழிகட்குப் பொதுவான பழஞ்சொல். மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகளில் மட்டுமன்றிப் பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழியிலும் அதன் இனச்சொல் வழங்குவதைப் பரோ, எமனோ ஆகிய இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி காட்டும். பழந்தமிழில் அது பாறையையும், மலையையும், மணியையும் குறித்தது. தோண்டுதல், குடைதல் எனப் பொருள்படும் கல்லுதல் என்னும் வினையும் தமிழில் உண்டு. ஓசை ஒப்புமை ஒன்றே கொண்டு இரண்டையும் ஒருவேர்ச் சொற்கள் எனல் பொருந்தாது.

உலக வழக்கில் இச்சொல் பரந்துபட்ட ஆட்சி உடையது. அம்மிக்கல், உரைகல், சாணைக்கல் என்பன வினைக்கருவிகள். எடைக்கல் இரும்பால் ஆயினும் கல்லே, தோசைக்கல்லும் அத்தகையதே. பொருள் மாறியும் பெயர் மாறாமை இவற்றால் அறியப்படும். சமையலுப்பின் கட்டியும், மூக்குத்தியிற் பதித்த மணியும், சிறுநீரகத்தில் திரண்டு நோய் செய்வதும் கல் என்றே வழங்குகின்றன. வழியோரத்தில் நட்ட கல் தொலைவின் அளவாகி, ‘பத்துக் கல் தொலைவு’ எனப் பத்து மைலைக் குறிக்கும் வழக்கும் எழுந்தது.

பிறமொழியினரிடத்தும் இத்தகைய பொருள்விரிவு காணப்படும். ஆங்கிலத்தில் ‘ஸ்டோன்’ என்னும் எளிய சொல் கல்லையும், அணிகலத்து மணியையும், உடலில் தோன்றும் கல்லையும் குறிப்பதோடு 14 பவுண்டு நிறையையும் குறிக்கும். பிரித்தானிய மக்கள் தம் உடல் எடையை இவ்வளவையாற் கூறும் வழக்கம் இன்றும் மறையவில்லை. நிறைகல்லே நிறையின் பெயராயிற்று. ஆயின் தமிழ்க் கல்லுக்குத் தனித்ததொரு பொருள் உண்டு. மண்டகப்பட்டை விளங்கிக்கொள்ள வேண்டுவது அப்பொருளே.

2. பட்டான் கல்

போரிலோ ஆநிரை மீட்டலிலோ பட்ட வீரனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறையாக வகுக்கும். 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட தமிழிப் பொறிப்புடைய நடுகல், இறந்தவன் பெயரை அடுத்துக் ‘கல்’ என்னும் சொல்லோடு முடிகின்றது. ஈண்டுக் கல் என்பது பொருளைக் குறிக்கும் பெயராக நில்லாது, ‘இன்னானின் நினைவுக்கல்’ என்னும் முழுப்பொருளையும் தானே தருகின்றது.

இவ்வழக்கு மகேந்திரவர்மன் காலத்தும் உயிரோடு இருந்தது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் அவனது 34-ஆம் ஆட்சியாண்டிற்குரிய நடுகல் ஒன்று உளது. எருமை நிரையைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்பானின் கல் அது. அவனோடு நின்று பகைவரைக் கடித்துக் காவல் செய்த கோவிவன் என்னும் நாயும் அதில் உருவமும் பெயரும் பெற்றுள்ளது. செங்கத்து நடுகற்கள் 1972-இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறையால் தொகுத்து வெளியிடப்பட்டன. செங்கமும் மண்டகப்பட்டும் ஒரே பல்லவ நாட்டில் உள்ளவை. ஒரே வேந்தன் ஆட்சியில், ஓரிடத்துக் கல் இறந்தானுக்கு உரியதாய் நிற்க, மற்றோரிடத்துக் கல் தெய்வத்திற்கு உறையுளாய்க் குடையப்பட்டது என்பது கருதத்தக்கது.

3. முன்னைக் கோயில்கள்

அக்காலம்வரை தெய்வத்தின் உறையுள் யாதாக இருந்தது? அகநானூற்றின் 167-ஆம் பாட்டு, செங்கற் சுவர் நிற்க மேல் விட்டம் வீழ்ந்து தெய்வம் நீங்கிய பாழ்க்கோயில் ஒன்றைக் காட்டுகின்றது. அங்கே செங்கலைக் குறிக்கும் சொல் இட்டிகை. மண்டகப்பட்டுச் செய்யுள் விலக்கும் வடசொல்லின் தமிழ் வடிவமே அது. விலக்கப்பட்ட நான்கும் அக்காலக் கோயிற்றச்சரின் வழக்கமான கட்டடப் பொருள்கள் என்பது இதனால் வலியுறும்.

கல் மிகுந்த நாட்டிற் கற்கோயில் நெடுங்காலம் தோன்றாமைக்குக் காரணம், கல் இறந்தார் நினைவோடு பிணைந்திருந்தமையே என்பது தொல்லியலறிஞர் கே. ஆர். சீனிவாசனின் கருத்து. பல்லவர் குடைவரைகளைப் பற்றிய அவரது நூல் 1964-இல் வெளிவந்தது. நீத்தார் கடனிற் கல் நடுதலும் கல்லெடுப்பும் வழங்கிவருதல் இக்கருத்துக்கு அரணாகும்.

எனினும், இதனைத் தீட்டு என்னும் பொருளிற் கொள்ளுதல் தமிழ்ச் சான்றுகளோடு முற்றும் இயையவில்லை. நடுகல்லையன்றிப் பரவத்தக்க கடவுள் வேறில்லை எனப் புறநானூற்றின் 335-ஆம் பாட்டு கூறுகின்றது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் இமயத்திலிருந்து கொணர்ந்த கல்லே கண்ணகியின் திருவுருவாகின்றது. ஆதலின் கல் வெறுக்கப்பட்டதன்று, வணங்கப்பட்டது. வேறுபாடு இதுவே: கல் தெய்வமாக நின்றது, தெய்வத்தின் இல்லமாக நிற்கவில்லை. மாங்குளம் முதலிய குன்றுகளிற் கல்லில் வெட்டிய படுக்கைகளும் துறவியர் தங்கிய இயற்கைக் குகைகளுக்கு உரியனவே. அவை கோயில்கள் அல்ல.

4. சொல்லாது விட்டமை

இனி, முதல் வினாவிற்கு வருவோம். கல்லின் பெயரைச் சொல்ல அஞ்சிப் புலவர் விடுத்தார் எனல் பொருந்துமா? பொருந்தாது. இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் இதே வேந்தன் திருமாலுக்கு எடுத்த குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு, பாறையைப் பிளந்து ஆக்கியதாக வெளிப்படவே கூறுகின்றது. அங்கே வரும் வடசொல் சிலா என்பது. ‘பட்டான் கல்’ என்னும் தமிழ்ப்பொருள் அச்சொல்லுக்கு இல்லை. ஆதலின் வடமொழியில் அதனைச் சொல்லத் தடையும் இல்லை. மண்டகப்பட்டுப் புலவர் கல்லைச் சொல்லாது விட்டது, காண்போர் கண்முன் நிற்கும் பொருளைச் சொல்லவேண்டாமை கருதிய செய்யுள் நயம் எனக் கொள்வதே தகும்.

ஆயின் அதனால் நம் ஆராய்ச்சி வீணாகவில்லை. அரசவை வடமொழியில் எளிதாகச் சொல்லிய புதுமையை, ஊரார் பேசிய தமிழ் ஏற்றுக்கொள்ளக் காலம் வேண்டியிருந்தது. கல் என்ற அளவில் வீரனின் நினைவைக் கருதிய மக்களுக்குக் ‘கல்லாலாகிய கோயில்’ என்பதைக் குறிக்கப் புதுத்தொடர் ஒன்று தேவைப்பட்டது. அத்தொடரே கற்றளி என்பது. தளி என்பது கோயில். பத்தாம் நூற்றாண்டிற் செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலை முதலாம் இராசராசன் தன் கல்வெட்டில் திருக்கற்றளி என்றே கூறுகின்றான். எடுத்தனூரிற் பட்டான் பெயரை அடுத்து நின்ற சொல், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டின் பின்னர்த் திரு என்னும் அடையையும் தளி என்னும் சொல்லையும் தழுவி நின்றது.

தமிழகத்தின் முதற் குடைவரை மண்டகப்பட்டே என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாண்டிநாட்டுப் பிள்ளையார்பட்டியை முந்தையது என்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், தான் செய்தது புதிது என்பதைத் தானே அறிந்து எழுத்திற் பொறித்த பெருமை மண்டகப்பட்டுக்கு உரியது. அதன் மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக உள்ளன. வாயிலின் இருமருங்கும் காவலர் உருவங்கள் மட்டும் நிற்கின்றன. விலக்கப்பட்ட நான்கு பொருள்களாலாகிய அக்காலக் கோயில்கள் அழிந்துபோயின. பெயர் சொல்லப்படாத கல்லே எஞ்சியிருக்கின்றது. கல்வெட்டைப் படிப்போர் அதிலுள்ள சொற்களோடு இல்லாத சொல்லையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும் என்பதற்கு மண்டகப்பட்டு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.