வேடந்தாங்கல் காப்புறுதி: ஒரு வரலாற்றுக் குறிப்பு

வேளாண் நிலத்து நீர்நிலைகளைப் புள்ளினங்களின் புகலிடமாகக் காத்தல் அண்மைக்காலத்துப் புதுநெறி என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாமையைச் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி காட்டும். கும்பினி ஆட்சியில் படைவீரர் அங்குப் பறவைகளைச் சுடவே, ஊரார் மாவட்ட ஆட்சித்தலைவரிடம் முறையிட்டு 1798இல் காப்புறுதிக் கவுல் பெற்றனர். 1858இல் அது புதுப்பிக்கப்பெற்றது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாதலை உழவர் நன்கறிந்திருந்தனர். ஆகவே, இக்காப்பு அருளால் மட்டுமன்றி வேளாண்மைப் பயனாலும் நிலைபெற்றது என்பது எம் கருத்து.

பறவை தங்குமிடம் ஏரி. இரை தேருமிடமோ சூழ்ந்துள்ள வயலும் குட்டையுமாம். ஏரியைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர்த் தொலைவையும் சரணாலயத்துள் அடக்கிய 1998ஆம் ஆண்டு அறிவிக்கை இவ்வுண்மையோடு இயைவது. 2020இல் அவ்வெல்லையின் காப்பைத் தளர்த்தும் முன்மொழிவு எழுந்தமை ஈண்டு நினையத்தக்கது. 2022இல் இவ்வேரி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியும் மணிமுத்தாறும் பாயும் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கும் இவ்வரலாறு பாடமாகும். ஏரிகளையும் ஓடைக்கரைகளையும் பற்றிய ஊர் வழக்காறுகள் ஏட்டில் ஏறாமலே மறைதல் கூடும். நைனார்பாளையம் முதலிய ஊர்களில் அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டுத் தொகுத்தல் ஆய்வு மாணவர் கடனாகும்.