கைக்கூலி என்ற இடத்தில் ஒரு கோடு

நாவுலயில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறோம். பந்தல், வட்டிலப்பம், எத்தனை சஹன் சாப்பாடு என்று மூன்று இரவுகள் பேசினோம். அந்தப் பேச்சுக்கிடையில்தான் உம்மாவின் பெட்டியிலிருந்து சாச்சியின் 1963 ஆம் ஆண்டு விவாகப் பதிவுப் பிரதி என் கைக்கு வந்தது. மஹர் 101 ரூபா. கைக்கூலி என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்தக் கோடு பொய். மூத்தாப்பா மூவாயிரம் ரூபாவை மாப்பிள்ளையிடம் எண்ணிக் கொடுத்ததை உம்மா கண்ணால் கண்டவர்.

கைக்கூலி என்றால் மாப்பிள்ளையின் விலை என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1806 இன் முகம்மதியர் சட்டக்கோவையிலேயே மஹரோடு கைக்கூலியும் இடம்பெற்றது. அப்போது நாவுல கண்டி மன்னனின் ஆட்சிக்குள் இருந்தது; 1852 இல்தான் அக்கோவை நம் பக்கத்துக்கும் விரிந்தது. 1929 இன் கட்டளைச் சட்டம் 1937 இல் நடைமுறைக்கு வந்தபின், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பிறந்தது. அதன் வரைவிலக்கணத்தில் மயக்கமே இல்லை: மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. இருப்பது அவன் கையில், உரிமை அவளுக்கு. சேர்ந்து வாழும்போதும், பிரிந்த பின்னும் அவள் காதியிடம் வழக்கு வைத்து அதைக் கேட்கலாம்.

"நம்ம மருமகன்தானே, எழுதி என்னத்துக்கு?" என்றாராம் மூத்தாப்பா. பணம் தம்புள்ளைக் கடைக்குப் போனது. கடை கடனில் போனது. ஆறு வருடங்களில் சாச்சி இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தார். காதியார் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான்.

இன்னொன்றும் கண்டேன். மாப்பிள்ளை ஒப்பமிட்டிருக்கிறார், வலியாக மூத்தாப்பா ஒப்பமிட்டிருக்கிறார். சாச்சியின் கையெழுத்து எங்குமில்லை. 1951 சட்டம் அதைக் கேட்கவுமில்லை. எங்களுக்கெல்லாம் எழுதப் பழக்கியவர் சாச்சிதான். முத்துப் போன்ற எழுத்து. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைந்த சீர்திருத்தக் குழு தன் அறிக்கையைக் கையளித்தது 2018 இல். ஒன்பது வருடம்! மணப்பெண்ணின் ஒப்பம் பற்றிய வாதப்பிரதிவாதம் அதன் பின்னும் ஓயவில்லை.

பிரதியை மருமகளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தாள். "மாமா, எனக்குத் தாற காசையும் இதுக்குள்ள எழுதுவீங்களா?" என்று கேட்டாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.