ஹஜ் ஊசிக்குப் பின்னால் இருக்கும் கதை

மேல்விஷாரத்துல ஹஜ்ஜுக்குக் கிளம்புற வீட்ல பாஸ்போர்ட், இஹ்ராம் துணி பேச்சோட "ஊசி போட்டாச்சா?"ங்கிற கேள்வியும் வரும். மூளைக்காய்ச்சல் ஊசிதான். அது ஏன் கட்டாயமாச்சுன்னு தேடியபோது எடுத்த குறிப்புகள் இவை.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம். நாம மூளைக்காய்ச்சல்னு சொல்றது இரண்டு நோய்களை. 1955ல் நம்ம வட ஆற்காடு பகுதியில்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அது கொசு பரப்பும் வைரஸ், மூளையையே தாக்கும். ஹஜ் ஊசி அதற்கில்லை. மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்குகிற மெனிஞ்சைட்டிஸுக்கு.

இந்த நோய் வைரஸாலும், காசநோய்க் கிருமியாலும், வேறு பாக்டீரியாக்களாலும் வரும். கூட்டத்தில் பரவி அச்சுறுத்துவது மெனிங்கோகாக்கஸ். 1887ல் வியன்னாவில் வைக்செல்பாம் கண்டுபிடித்த கிருமி. பத்தில் ஒருவர் வரை இதைத் தொண்டையில் சும்மா சுமந்துகொண்டு திரிவார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இருமல், எச்சில் வழியா இன்னொருத்தருக்குப் போய் ரத்தத்தில் கலந்துவிட்டால் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம். சிகிச்சை இல்லையென்றால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகும். மணிக்கணக்கில் முற்றிவிடும், காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாது.

இனி வரலாறு. 1983-84ல் நேபாளம், 1985ல் டெல்லி என 'ஏ' வகைக் கிருமி கொள்ளைநோயாகப் பரவியது. 1987 ஹஜ்ஜில் அதே மரபு வகை மக்காவில் வெடித்தது. தெற்காசியாவிலிருந்து போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மறு ஆண்டே அது சாட், சூடான் நாடுகளில் பரவியது. அதற்குப் பிறகுதான் சவூதி அரசு ஊசியைக் கட்டாயமாக்கியது.

அந்த ஊசி ஏ, சி வகைகளுக்கு மட்டும். 2000ல் டபிள்யூ135 என்ற வேறு வகை வந்தது. எனக்கு உறுத்தியது இந்த இடம்தான்: ஹாஜிகள் மட்டுமில்லை, ஹஜ்ஜுக்கே போகாத வீட்டு ஆட்களும் படுத்தார்கள். ஹாஜியாரைக் கட்டித் தழுவி, ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொள்ள ஊரே திரளும் நம்ம வழக்கத்தை நினைச்சுப் பாருங்க.

பிறகு ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்குமான ஊசி வந்தது. எதிர்ப்புச் சக்தி உருவாக நேரம் வேணும், அதனால சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னாடியே போட்டிருக்கணும். உம்ராவுக்கும் இதே விதிதான், ஆனா அங்கேதான் பலர் அசட்டையா இருந்துடுறாங்க. 2024ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸில் உம்ரா தொடர்பாக 12 பேருக்கு இந்நோய் வந்தது. ஊசி விவரம் தெரிந்த 9 பேருமே போட்டுக்கொள்ளாதவர்கள்.