யோசிக்க யாரிடம் அனுமதி?
அயோத்திதாசரை முன்வைத்து

யோசிப்பது மேலே இருப்பவன் வேலை, உழைப்பது கீழே இருப்பவன் வேலை என்று ஒரு பங்கீடு இங்கே ரொம்ப காலமாக நடக்கிறது. நம்ம சனங்களுக்குத் துன்பம் உண்டு, கோபம் உண்டு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சொந்தமாக ஒரு சிந்தனை உண்டு என்று மட்டும் ஒப்புக்கொள்ள மனசு வருவதில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இதழியல் வரலாறு ஒரு தாளாகவே இருந்தது. அதில் அயோத்திதாசப் பண்டிதர் பெயர் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

1845இல் பிறந்த அவர் சித்த வைத்தியர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், எங்களை ஏன் கோயிலுக்குள் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரன், காட்டேரி இருக்கிறதே என்று பதில் வந்தது. வேறொருவர் என்றால் கெஞ்சியிருப்பார், இல்லை வாயடைத்து உட்கார்ந்திருப்பார். பண்டிதர், அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இலவசக் கல்வியும் ஏழைகளுக்குத் தரிசு நிலமும் கேட்டார். கதவைத் திற என்ற கோரிக்கை அங்கேயே முடிந்துபோனது. 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது.

அந்த இதழில் அவர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. நம்மேல் துப்பப்பட்ட சொல்லையே எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பறைதல் என்றால் சொல்லுதல். வேஷப் பிராமணரின் பொய்யை ஊருக்குப் பறைந்தவர்கள் என்பதால் எதிரிகள் இட்ட பெயரே 'பறையர்' என்றார். ஆத்திசூடியை ஆத்திச்சுவடி என்றும், திருக்குறளைத் திரிபிடகத்தோடு சேர்த்துத் திரிக்குறள் என்றும் வாசித்தார். 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதி, இந்நாட்டின் கதையைப் பௌத்தத்திலிருந்து தொடங்கினார்.

இதெல்லாம் மொழியியலில் நிக்குமா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். எல்லாம் நிற்காதுதான். ஆனால் ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதியது யார், யாருக்காக எழுதினான் என்ற கேள்வியை அவர் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் வயசாகவில்லை.

1914இல் அவர் மறைந்தார். அவர் எழுத்தைக் காப்பாற்றியதில் கோலார் தங்கவயல் பௌத்தர்களுக்குப் பெரும் பங்குண்டு. பொதுவெளிக்குத் தொகுதிகளாக வர 1999 வரை, ஞான. அலாய்சியஸ் தொகுக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2005இல் தபால்தலை, 2023இல் சென்னை கிண்டியில் மணிமண்டபம். சந்தோசம்தான். எனக்குள்ள பயம் வேறு. சிலையாகிவிட்டவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. மாலை போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பஞ்சமர் என்ற ஒரே பட்டியலில் தம் மக்களைச் சக்கிலியர், தோட்டி, குறவர் ஆகியோரோடு சேர்த்ததை அவர் எதிர்த்தார். நாங்கள் பூர்வ பௌத்தர், அவர்கள் வேறு என்றார். சாதியின் வேரையே பிடுங்கப் போனவர் கையிலும் அந்த மண் ஒட்டியிருந்தது. காலத்தைக் காரணம் காட்டி இதை மூடி மறைக்கலாம். அப்படிச் செய்தால், நம்ம பெரியவர்களுக்காக நாம் கேட்கும் நியாயத்தை நம்மைவிடக் கீழே தள்ளப்பட்டவனுக்கு மறுத்தவர்கள் ஆவோம். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம்ம கூட்டங்களிலேயே எழுந்த முணுமுணுப்பை மறந்துவிட வேண்டாம்.

இதற்காக அவரைத் தூக்கி எறியச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாஸ்திரம் சொன்னதால் மட்டும் எதையும் ஏற்காதே என்று கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் சொன்னதால் மட்டும் எதையும் ஏற்பது அந்தப் பாடத்துக்கே துரோகம். தோழர்களே, தொகுதிகளை வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். படிப்பு வட்டத்தில் வைத்து, அருந்ததியத் தோழர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, உரக்கப் படியுங்கள். சண்டை வரட்டும்.