பொதுப்பெயரும் உரிமைப்பெயரும்: ‘காமிக் கான்’ என்னும் சொல்லின் வரலாறு

மொழிபெயர்ப்பில் பெயர்ச்சொற்கள் இருவகையாக நடத்தப்படுகின்றன. பொதுப்பெயராயின் அதன் பொருள் பெயர்க்கப்படும். ஒருவருக்கோ ஓரிடத்துக்கோ மட்டும் உரிய பெயராயின் அதன் ஒலி பெயர்க்கப்படும். எந்தப் பெயர் எவ்வகையைச் சார்ந்தது என்று முடிவு செய்வது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் தனிப் பொறுப்பாகவே இருந்துவருகிறது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரிக் குழு ஒன்று இந்த முடிவை எடுக்க வேண்டியதாயிற்று. வழக்குக்கு உட்பட்ட சொல் ‘காமிக் கான்’ என்பதாகும். சித்திரக்கதை வாசகர்கள் கூடும் விழா எதற்கும் அச்சொல் பொதுவா, ஓர் அமைப்பு நடத்தும் விழாவுக்கு மட்டும் உரியதா என்பதே வினா.

இச்சொல்லின் இரண்டாம் உறுப்பாகிய ‘கான்’, மாநாடு எனப் பொருள்படும் ‘கன்வென்ஷன்’ என்பதன் குறுக்கம். திருநெல்வேலி நெல்லையாகவும் கோயம்புத்தூர் கோவையாகவும் மருவியது போன்றே இதுவும் மருவியது; மருவியோர் அமெரிக்க அறிவியல் புனைகதை வாசகர்கள். முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939இல் நியூயார்க்கில் கூடியது. மறு ஆண்டு சிகாகோவில் கூடியபோது ஊர்ப்பெயரோடு இக்குறுக்கத்தை ஒட்டிச் ‘சிக்கான்’ என்றனர். 1941இல் டென்வரில் கூடியது ‘டென்வென்ஷன்’ ஆயிற்று. ஊரின் தலையையும் மாநாட்டின் வாலையும் சேர்த்துக் கட்டிய இக்கலவைச் சொற்களில் விளையாட்டுணர்வு வெளிப்படை. ‘கான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஏமாற்று என்னும் பொருளும் உண்டு என்பது அவர்கள் அறியாததன்று; அதைப் பொருட்படுத்தவில்லை. ஜப்பானியரும் இவ்வகைக் குறுக்கத்தில் வல்லவர். 1975இல் டோக்கியோவில் ஏறக்குறைய எழுநூறு பேருடன் தொடங்கிய ‘காமிக் மார்க்கெட்’ அவர்கள் வாயில் ‘கொமிகே’ எனச் சுருங்கிற்று.

சித்திரக்கதை வாசகர்கள் இக்குறுக்கத்தை அறிவியல் புனைகதை வாசகர்களிடமிருந்து பெற்றனர். 1964இல் நியூயார்க்கில் கூடிய சிறு கூட்டத்தைக் குறிக்கவும், 1968இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் கூடிய மாநாட்டுக்குப் பெயராகவும் ‘காமிக்கான்’ ஆளப்பட்டது. சான் டியாகோவின் விழா இவற்றுக்குப் பிற்பட்டது. 1970 மார்ச் 21 அன்று அந்நகரின் யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் ஒருநாள் முன்னோட்டக் கூட்டம் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் 3 வரை நடந்த முதல் முழு விழாவுக்கு ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். ஓவியர் ஜாக் கிர்பியும் எழுத்தாளர் ரே பிராட்பரியும் அதன் விருந்தினர். அவ்விழாவின் பெயர் ‘கோல்டன் ஸ்டேட் காமிக் கான்’ என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ‘கோல்டன் ஸ்டேட்’ என்பது கலிபோர்னியாவின் சிறப்புப் பெயர். பல காமிக் கான்களுள் இது கலிபோர்னியாவினுடையது என வேறுபடுத்தவே அவ்வடை சேர்க்கப்பட்டது. அதாவது, பிற்காலத்தில் உரிமை கோரியவர்களே தொடக்கத்தில் அச்சொல்லைப் பொதுப்பெயராக ஆண்டிருக்கின்றனர். ‘சான் டியாகோ காமிக் கான்’ என்னும் பெயர் 1973 முதல் வழங்கியது. 1995இல் அது ‘காமிக் கான் இன்டர்நேஷனல்’ ஆயிற்று. ஊர்ப்பெயர் நீங்கி உலகம் வந்து சேர்ந்த இவ்விடத்தில்தான் அச்சொல் பொதுவிலிருந்து உரிமைக்கு நகர்ந்தது எனக் கொள்ள இடமுண்டு.

1991இல் விழா கடற்கரையோரப் புதிய மாநாட்டு மண்டபத்துக்குப் பெயர்ந்தது. பின்னர்த் திரைப்பட நிறுவனங்கள் தம் வெளியீடுகளை அறிவிக்கும் களமாகவும் அது வளர்ந்தது. வருகை ஓர் இலட்சத்து முப்பதாயிரத்தை எட்டியபின் மண்டபம் அதற்குமேல் கொள்ளாதாயிற்று. நுழைவுச் சீட்டுகள் விற்பனைக்கு வந்தவுடனே தீர்ந்தன. விடுதிக் கட்டணம் எளியோருக்கு எட்டாததாயிற்று. சான் டியாகோவுக்குச் செல்ல இயலாதோர் தத்தம் ஊரிலேயே விழா வேண்டினர். வட்டார விழாக்கள் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பீனிக்ஸ் நகரின் விழா 2002இலும் நியூயார்க்கின் இன்றைய விழா 2006இலும் டென்வரின் விழா 2012இலும் தொடங்கின.

இவ்வட்டார விழாக்களுக்குச் சென்றுவருதல் என்பது ஏறக்குறைய வரையறுத்த ஒரு சடங்காகிவிட்டது. வாயிலில் நீண்ட வரிசை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. தாம் விரும்பும் கதைமாந்தரின் உடையைத் தாமே தைத்து அணிந்துவரும் இளைஞர். ஒரு பகுதியில் பழைய இதழ்களை நெகிழியுறையிலிட்டு விற்கும் கடைகள், மறு பகுதியில் ஓவியர்கள் வரிசையாக அமர்ந்து வரைந்து கையொப்பமிடும் மேசைகள், மாடியறைகளில் கலந்துரையாடல். ஊர்தோறும் அமைப்பு ஒன்றே. ஆதலால் பெயரும் ஒன்றாயிற்று. வருவோர் அதனை ஒரு நிறுவனத்தின் பெயராக எண்ணினரா, திருவிழா, சந்தை என்பன போல் ஒரு வகையின் பெயராக எண்ணினரா என்று அவர்களை எவரும் கேட்டதில்லை, வழக்கு வரும்வரை.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் 2013 செப்டம்பரில் ‘சால்ட் லேக் காமிக் கான்’ முதன்முதலாக நடந்தது. ஸ்டான் லீயும் நடிகர் வில்லியம் ஷாட்னரும் வந்திருந்தனர். முதல் ஆண்டிலேயே எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்ததாகவும் மறு ஆண்டில் அவ்வெண் நூறாயிரத்தைத் தாண்டியதாகவும் அமைப்பாளர் அறிவித்தனர். சான் டியாகோ பல்லாண்டுகளில் பெற்ற கூட்டத்தைப் புதியதொரு வட்டார விழா ஓராண்டில் நெருங்கியது வியப்புக்குரியது. 2014 ஜூலையில், சான் டியாகோ விழா நடந்துகொண்டிருந்தபோதே, சால்ட் லேக் விழாவின் பெயர் தீட்டிய கார் ஒன்று அந்நகர வீதிகளில் ஓட்டப்பட்டது. சான் டியாகோ அமைப்பினர் பெயரைக் கைவிடுமாறு அறிவிக்கை விடுத்தனர். ஆகஸ்டில் வழக்கும் தொடுத்தனர். கார் ஓடாதிருந்தால் வழக்கு வராதிருக்கும் என்று சொல்வதற்கில்லை. எனினும் அது விளையாட்டாகப் பிறந்த சொல்லின் மீது விளையாட்டாகவே செய்த செயலாயிற்று.

இருதரப்பு வாதங்களையும் நன்னூலின் பெயர்ப் பாகுபாட்டைக் கொண்டு விளக்குதல் தமிழ் வாசகர்க்கு எளிதாகும். காரணம் பற்றி வந்த பெயர், அக்காரணமுடைய எல்லாவற்றுக்கும் செல்லுமாயின் காரணப் பொதுப்பெயர். பறப்பன எல்லாம் பறவை. சித்திரக்கதை பற்றிக் கூடும் மாநாடுகள் எல்லாம் காமிக் கான் என்பது சால்ட் லேக் தரப்பு. நாடெங்கும் பல ஊர்களின் விழாக்கள் அப்பெயரைத் தாங்கி நின்றது அதற்குச் சான்று. ஆனால் உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்று வேறொரு வகையையும் காட்டுவர். முள் உடையன பலவாயினும் முள்ளி என்பது ஒரு செடியையே குறிக்கும். மூன்று கண் உடையார் பிறரும் உளர் எனினும் முக்கணான் என்றால் சிவன். காரணம் இருந்தும், அக்காரணம் உள்ள பிறவற்றுக்குச் செல்லாமல் வழக்கால் ஒன்றன்மேலேயே நிலைத்துவிட்ட பெயர் அது. சான் டியாகோ தரப்பின் வாதம் முழுவதும் இவ்வொரு வகைக்குள் அடங்கும். வணிகக்குறிச் சட்டத்தார் இரண்டாம் பொருள் எனக் கூறுவதும் பெரும்பாலும் இதுவே. சட்டத்துக்கும் இலக்கணத்துக்கும் தொடர்பில்லை. எனினும் இரண்டும் ஒரே நிகழ்ச்சியைக் கண்டு தனித்தனியே பெயரிட்டிருக்கின்றன.

எதிர்த்திசை நகர்வும் உண்டு. ஆஸ்பிரின் 1921இலும் எஸ்கலேட்டர் 1950இலும் தெர்மாஸ் 1963இலும் அமெரிக்காவில் உரிமைப்பெயர் என்னும் நிலையை இழந்து பொதுப்பெயராயின. தமிழ்நாட்டில் எந்த நிறுவனத்தின் வனஸ்பதியும் டால்டா என வழங்கியதையும், நகலெடுப்பது எந்த எந்திரமாயினும் ஜெராக்ஸ் எடுப்பதாகவே சொல்லப்படுவதையும் இதனோடு ஒப்பிடலாம்.

ஒரு சொல் எவ்வகையைச் சார்ந்தது என்பதை எவர் வழக்கைக் கொண்டு தீர்ப்பது? உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்பது தொல்காப்பிய மரபு. அமெரிக்கச் சட்டம் நுகர்வோரைக் கேட்கிறது. 1975ஆம் ஆண்டு டெஃப்ளான் வழக்கின் பெயரால் அறியப்படும் கணக்கெடுப்பு முறையில், முதலில் பொதுப்பெயருக்கும் வணிகப்பெயருக்கும் உள்ள வேறுபாடு எடுத்துக்காட்டுகளால் கற்பிக்கப்படும். பிறகு சில சொற்களைத் தந்து வகைப்படுத்தச் சொல்வர். சான் டியாகோ தரப்பு நடத்திய இத்தகைய கணக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் ‘காமிக் கான்’ வணிகப்பெயர் என்றனர். மொழியியலார்க்கு இம்முறையில் ஐயம் தோன்றுவது இயல்பு. தாய்மொழி பேசுவோர்க்கு ஒரு பாகுபாட்டை அப்போதுதான் கற்பித்து, உடனே அப்பாகுபாட்டில் தேர்வும் வைப்பது வழக்கை அளப்பதாகுமா? மேலும், ஒரே பேச்சாளர் ஒரே சொல்லை இருவகையாகவும் ஆளக்கூடும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு சுட்டிடைச்சொல்லால் வெளிப்படும். அவ்விடைச்சொல் இன்றிக் ‘காமிக் கானுக்குப் போகிறேன்’ என்பவர் குறிப்பது ஒரு விழாவை. ‘ஒரு காமிக் கானுக்கு’ என்பவர் குறிப்பது ஒரு வகையை. கணக்கெடுப்புப் படிவத்தில் சொல் தொடரின்றித் தனியே நின்றது. பேச்சில் அது அவ்வாறு நிற்பதில்லை.

2017 டிசம்பர் 8 அன்று ஜூரி தன் முடிவை அறிவித்தது. வணிகக்குறி செல்லும், சால்ட் லேக் தரப்பு அதனை மீறியது, ஆனால் வேண்டுமென்றே மீறவில்லை. கோரப்பட்ட இழப்பீடு ஏறக்குறைய ஒருகோடியே இருபது இலட்சம் டாலர், வழங்கப்பட்டது இருபதாயிரம். ஆயின் மறு ஆண்டில் நீதிபதி விதித்த வழக்கறிஞர் செலவுத் தொகை ஏறத்தாழ நாற்பது இலட்சம் டாலர். பெயருக்காகப் போராடுவது பெயரைவிட விலை மிக்கது என்பதைப் பிற வட்டார விழாக்கள் உணர்ந்தன. பீனிக்ஸ் விழா 2018இல் ‘காமிக் ஃபெஸ்ட்’ ஆகி, பின்னர் ‘ஃபேன் ஃப்யூஷன்’ ஆயிற்று. டென்வர் விழா ‘பாப் கல்ச்சர் கான்’ என்று மாறிற்று. போர்ட்லண்ட் நகர விழா சான் டியாகோவின் இசைவைப் பெற்றுப் பழைய பெயரையே வைத்துக்கொண்டது. சால்ட் லேக் விழா ‘ஃபேன்எக்ஸ் சால்ட் லேக் காமிக் கன்வென்ஷன்’ என்னும் பெயரை ஏற்றது. இலக்கண நோக்கில் இம்மாற்றம் விந்தையானது. மரூஉச்சொல் உரிமைப்பெயராயிற்று, அது எதிலிருந்து மருவியதோ அம்முழுச்சொல் பொதுப்பெயராகவே நிற்கிறது. நெல்லை ஒருவருக்கு உரியது, திருநெல்வேலி எல்லோர்க்கும் பொது என்று சொல்வதை ஒக்கும் இது.

வணிகக்குறி உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டதாதலின் இத்தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்துவதில்லை. இங்கு 2011இல் தில்லி ஹாட்டில் தொடங்கிய ‘காமிக் கான்’ பெங்களூர், ஹைதராபாத் முதலிய நகரங்களுக்குப் பரவி, 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. தமிழில் அப்பெயர் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகிறது. ஆனால் அது தமிழில் வந்து நின்ற நிலை எளிதன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது முதல் தமிழ் வாசகர் அறிந்த சொல் ‘காமிக்ஸ்’. ஆங்கிலத்தில் பன்மை உருபாகிய இறுதி ஸகரம் தமிழில் பகுதியோடு ஒன்றிவிட்டது. ‘ஒரு காமிக்ஸ்’ என்பதே இயல்பான வழக்கு. எனவே ஸகரம் நீங்கிய ‘காமிக்’ தமிழ்க் காதுக்கு உறுப்பிழந்த சொல்லாகப் படுகிறது. அடுத்து நிற்கும் ‘கான்’ என்பதற்குத் தமிழில் காடு என்று பொருள். ஆங்கிலத்தில் இருவுறுப்பும் காரணம் தெரிய நின்ற தொகைச்சொல், தமிழில் காரணம் தெரியாத முழு இடுகுறியாகிவிட்டது. ஜூரி நாட்கணக்கில் ஆராய்ந்து எய்திய முடிவைத் தமிழ் ஒலிபெயர்ப்பு ஆராயாமலே எய்தியிருக்கிறது.

அம்முத்து காமிக்ஸ் இதழே வேறு வழியும் காட்டியது. இரும்பு நகமுடைய கை எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பின் நாயகன் அதில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனான்; அதாவது பெயர் காரணப்பெயராகக் கொள்ளப்பட்டுப் பெயர்க்கப்பட்டது. பிற்காலத் தமிழ்ச் சித்திரக்கதைகளில் இத்தாலிய நாயகன் டெக்ஸ் வில்லர் டெக்ஸ் வில்லராகவே நிற்கிறான். ஆங்கிலத்தில் உரிமைப்பெயரைப் பெரிய எழுத்தும், சொற்களுக்கிடையே இடும் சிறு கோடும் காட்டிக்கொடுக்கும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. அதனைக் காட்டத் தமிழுக்கு உள்ள வழிகளுள் தலையாயது பெயர்ப்பதும் பெயர்க்காது விடுவதுமே. சால்ட் லேக் வழக்கைத் தமிழில் எழுதுவோர், சான் டியாகோ விழாவைக் ‘காமிக் கான்’ என்றும், சால்ட் லேக் விழாவின் இன்றைய பெயரின் பிற்பகுதியைச் ‘சித்திரக்கதை மாநாடு’ என்றும் எழுதினால் தீர்ப்புக்கு இயைந்தவராவர். 2013க்கும் 2017க்கும் இடைப்பட்ட காலத்து அவ்விழாவை எவ்வாறு எழுதுவது என்பதுதான் எஞ்சி நிற்கும் சிக்கல்.