சீனர் விலக்குச் சட்டமும் அமெரிக்கச் சீன உணவகங்களின் எழுச்சியும்

ஒரு சமுதாயத்தின் உணவுப் பழக்கங்கள் நாவின் சுவையால் மட்டும் உருவாவனவல்ல. உழைப்பு, சட்டம், அரசியல் ஆகியனவும் அவற்றை உருவாக்குகின்றன. ஐக்கிய அமெரிக்காவிற் சோறும் நூடில்சும் மலிவு விலைக்கு வழங்கும் சீன உணவகங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டு நகரங்களில் இவ்வுணவகங்கள் பெருகிய காலம், சீனத் தொழிலாளர் அந்நாட்டினுட் புகுவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த காலமாகும். உணவு விரும்பப்பட, அதனை ஆக்கியோர் வெறுக்கப்பட்ட இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று என்பது ஆராயத்தக்கது.

1848இற் கலிபோர்ணியாவிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து பல்லாயிரவர் அங்கு சென்றனர். வறுமையும் உள்நாட்டுப் போரும் அவர்களை ஊரைவிட்டு வெளியேறத் தூண்டின. பொன் தேடிய ஆரம்ப ஆண்டுகளிலேயே சான்பிரான்சிஸ்கோவிற் சீனரின் உணவுச்சாலைகள் தோன்றிவிட்டன. 1865 முதல் மத்திய பசிபிக் புகையிரதப் பாதையை அமைக்கும் பணியிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனர் ஈடுபடுத்தப்பட்டனர். மலையைக் குடைந்தும் பனியிற் புதையுண்டும் அவர்கள் அமைத்த பாதை 1869 மே மாதம் நிறைவெய்திற்று.

பாதை முடிந்ததும் அவர்களது உழைப்பின் தேவை குறைந்தது. 1873இல் தொடங்கிய பொருளாதார மந்தம் வேலையின்மையை வளர்த்தது. கூலியைக் குறைப்பதற்கு முதலாளிகள் சீனரைப் பயன்படுத்தினர். ஆயின் வெள்ளையினத் தொழிலாளரின் சினமோ முதலாளிகளை விடுத்துச் சீனர்மீதே பாய்ந்தது. 1885இல் வயோமிங் பிரதேசத்தின் றொக் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர் கொல்லப்பட்டமை இதன் கொடிய வெளிப்பாடுகளுள் ஒன்றாகும்.

1882இல் நிறைவேறிய சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளரின் குடிவரவைப் பத்தாண்டுகளுக்குத் தடைசெய்தது. சீனக் குடிவரவாளர் அமெரிக்கப் பிரசாவுரிமை பெறுவதையும் மறுத்தது. 1892இலும் 1902இலும் நீடிக்கப்பட்ட இத்தடை, 1904இற் கால எல்லையற்றதாயிற்று. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணிகள் முதலிய சிலருக்கே விலக்களிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சம்மேளனம் வெளியிட்ட துண்டுப்பிரசுரமொன்று, இறைச்சியையும் சோற்றையும் எதிரெதிராக நிறுத்தித் தலைப்பிடப்பட்டிருந்தது. உண்ணும் சோறே ஓர் இனத்தின் தாழ்வுக்குச் சான்றாகக் காட்டப்பட்டமை இங்கு நோக்கற்பாலது.

சுரங்கத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் துரத்தப்பட்ட சீனருக்கு எஞ்சியவை, வெள்ளையர் பெரிதும் போட்டியிடாத சலவைத் தொழிலும் உணவகத் தொழிலுமே. இவ்வகையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயோர்க் போன்ற நகரங்களிற் ‘சொப் சூயி’ உணவகங்கள் வளர்ந்தன. கன்ரனீஸ் மொழியிற் பலவகைத் துண்டுகளின் கலவை எனப் பொருள்படும் இவ்வுணவு, அமெரிக்கரின் சுவைக்கேற்ப மாற்றப்பட்ட ஒன்றாகும். 1896இல் நியூயோர்க் வந்த சீன அரசதந்திரி லி ஹொங்சாங்கின் சமையலாளரே இதனை உருவாக்கினர் என்றொரு கதை உண்டு. ஆனால் அவரது வருகைக்கு முன்னரே இவ்வுணவு எழுத்திற் குறிப்பிடப்பட்டிருத்தலின், இது வெறுங் கதையெனத் தள்ளத்தக்கது. மலிவான விலையும் நள்ளிரவிலும் திறந்திருந்த கதவுகளும் எழுதுவினைஞர், தொழிலாளர், நாடகம் பார்த்துத் திரும்புவோர் எனப் பலரை ஈர்த்தன. 1929இல் ஓவியர் எட்வேட் ஹொப்பர் தமது ஓவியமொன்றுக்குச் ‘சொப் சூயி’ எனப் பெயரிடுமளவுக்கு இவ்வுணவகங்கள் நகர வாழ்வின் பகுதியாகிவிட்டன.

எனினும் சுவையும் மலிவும் மட்டும் இவ்வளர்ச்சியை விளக்கப் போதியனவல்ல. உணவகம் நடத்துவோரைக் குடிவரவு அதிகாரிகள் நெடுங்காலம் வணிகராக ஏற்கவில்லை. 1915இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று உணவக உரிமையாளரும் வணிகர் தகுதி பெறலாம் என வழிவகுத்தது. அத்தகுதி பெற்றோர் சீனாவுக்குச் சென்று மீளவும் மனைவி மக்களை அழைத்துவரவும் முடிந்தது. ஆயினும் அவர் போதிய முதலிட்டிருத்தல் வேண்டும். சமைத்தல், பரிமாறல் போன்ற உடலுழைப்பில் ஈடுபடலாகாது. எனவே உறவினரும் ஊரவரும் பணம் திரட்டிக் கூட்டாக உணவகம் அமைத்து, முகாமையாளர் பொறுப்பை முறைவைத்து ஏற்றனர். 1910க்கும் 1920க்குமிடையில் நியூயோர்க்கிற் சீன உணவகங்கள் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகியதில் இத்தீர்ப்புக்கு முக்கிய பங்குண்டு. சட்டத்திலிருந்த ஒரு சிறு இடைவெளியே பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேரும் வாயிலாயிற்று.

இவ்விடத்தில் வொங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கும் நினைவுகூரத்தக்கது. சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்த இவர் சமையற்றொழில் புரிந்தவர். சீனா சென்று 1895இல் மீண்டபோது, அவர் அமெரிக்கப் பிரசையல்லர் எனக் கூறி அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். அமெரிக்க மண்ணிற் பிறந்தமையால் அவர் பிரசையே என 1898இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பாற் பிரசாவுரிமை என்னும் கோட்பாட்டை அந்நாட்டில் உறுதிப்படுத்திய இத்தீர்ப்பு, ஒரு சமையற்காரரின் வழக்கில் வழங்கப்பட்டதாகும்.

இரண்டாம் உலகப் போரில் யப்பானுக்கெதிராகச் சீனா அமெரிக்காவின் நேசநாடாயிற்று. இந்நிலையில் 1943இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. எனினும் ஆண்டொன்றுக்கு 105 சீனருக்கே குடிவரவு அனுமதிக்கப்பட்டது. இன அடிப்படையிலான பங்கீட்டு முறை 1965ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிந்தது. விலக்குச் சட்டங்களுக்காக அமெரிக்க மூதவை 2011இலும் பிரதிநிதிகள் சபை 2012இலும் வருத்தம் தெரிவித்தன. அப்போது முதற் சட்டம் இயற்றப்பட்டு ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஓர் இனத்தின் உணவை இன்னோரினம் விரும்பி ஏற்பதைப் பண்பாட்டு நல்லுறவின் அடையாளமாகக் கொள்வது வழக்கம். ஆனால் 1882 முதல் 1943 வரையான 61 ஆண்டுகளில் அமெரிக்கர் பலர் சீன உணவகத்தில் மனமுவந்து உண்டனர். அதனை ஆக்கி அளித்தவரோ அந்நாட்டின் பிரசையாகும் உரிமையற்றிருந்தார். உணவை ஏற்ற கைகளே உரிமையை மறுக்கவும் வல்லன என்பதை இவ்வுணவகங்களின் வரலாறு எடுத்துக்காட்டுகின்றது.